முதல் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

முதன்முதலாக ஒரு செமி-ஆட்டோமேட்டிக் (விசையை, அதாவது டிரிகரை, அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டைச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) விளையாட்டு ரைஃபிள் வாங்க எண்ணுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் பங்கேற்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் ரைஃபிளாகவே செமி-ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இட்டுச் சுடும் ரைஃபிள்களுக்கு மட்டுமே இடம் உண்டு. பனிச்சறுக்குடன் இணைந்த பயத்லான் போட்டியில் 5 தோட்டாக்கள் கொண்ட மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) அனுமதிக்கப்பட்டாலும், அங்கும் தோட்டா அறையைத் திறந்து மூடும் பகுதியான போல்ட்டைக் கையால்தான் இயக்க வேண்டும். நேரக் கணக்கில் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டிகள், மினி ரைஃபிள் எனப்படும் நடைமுறைச் சுடுதல் பிரிவு, பொழுதுபோக்கான இலக்குப் பயிற்சி, சட்டம் இடமளிக்கும் நாடுகளில் சிறு விலங்கு வேட்டை ஆகியவையே செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் பொருந்தும் களங்கள். எந்தப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, அதன் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: .22 அளவுத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்குவதா, .223 அளவுக்கானதை வாங்குவதா? .22 வாங்கினால் விரைவில் சலித்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதல் ரைஃபிள் .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு உரியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 1887-இல் அறிமுகமான அந்தத் தோட்டாவில் ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு இருக்கிறது. அது வினாடிக்கு 320 முதல் 380 மீட்டர் வரையிலான வேகத்தில் பாய்கிறது. .223-இன் குண்டு அதைவிடச் சற்றே கனமானது என்றாலும் வினாடிக்கு 900 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்வதால், குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் .22-ஐப் போல் சுமார் பத்து மடங்கு. அந்த ஆற்றலோடு தோளில் உதையும் காதில் அறையும் ஓசையும் சேர்ந்தே வருகின்றன.

இதனால் புதியவருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சுடுதளத்தில் கண்ணால் பார்க்கலாம். மேகசினில் உள்ள தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல், பயிற்சியாளர் ஒரு போலித் தோட்டாவை வைத்துத் தருகிறார். அந்த முறை வரும்போது துப்பாக்கி வெடிப்பதில்லை; ஆனால் குழல்வாய் சட்டென்று கீழே தாழ்கிறது, கண் மூடிக்கொள்கிறது, தோள் முன்னால் தள்ளுகிறது. உதையை எதிர்பார்த்து உடல் தானாகவே செய்யும் இந்தச் செயல் பழகிவிட்டால், அதை மாற்றுவதற்குப் பொறுமையான நீண்ட பயிற்சி தேவைப்படும். உதை அநேகமாக உணரப்படாத .22-இல் தொடங்குபவருக்கு இந்தப் பழக்கம் அரிதாகவே ஒட்டுகிறது. மேலும், .22 தோட்டாவின் விலை குறைவு என்பதால் அதே செலவில் பல மடங்கு அதிகமாகச் சுடலாம். திறமையை வளர்ப்பது சுட்ட தோட்டாக்கள்தான், ரைஃபிளின் விலை அல்ல.

சிறிய தோட்டா என்பதற்காக இளக்காரமாக எண்ணிவிட வேண்டாம். மேல்நோக்கிச் சுடப்பட்ட .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழக்கூடியது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடவே கூடாது.

கேள்வி: நண்பரின் செமி-ஆட்டோமேட்டிக் .22 அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. இந்த வகையே நம்பத்தகாததா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் சிக்கலின் காரணம் புரியும். பெரும்பாலான .22 செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் போல்ட்டைப் பூட்டிவைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் அதன் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும் மட்டுமே தோட்டா அறையை மூடிவைத்திருக்கின்றன. குண்டை முன்னால் தள்ளும் அதே அழுத்தம், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு போல்ட்டைத் தள்ள, போல்ட் பின்னால் சென்று கூட்டை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் உந்துதலால் முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை எடுத்து அறைக்குள் ஏற்றுகிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் வெளியேறும்; மறுமுறை சுட, விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும்.

ஆகவே தோட்டா வலுக்குறைவாக இருந்தால் போல்ட் முழுத்தூரம் பின்செல்வதில்லை. கூடு பாதி வெளியே வந்த நிலையில் நசுங்கி நிற்கும். ஒலியைவிடக் குறைந்த வேகத்துக்காகத் தயாரிக்கப்படும் அமைதியான தோட்டாக்களில் சில இப்படித்தான் நடந்துகொள்ளும். அடுத்த காரணம் அழுக்கு. .22 குண்டின் மேல் மெழுகு அல்லது எண்ணெய்ப் பூச்சு இருப்பதால், கரியும் மெழுகும் கலந்த பிசுக்கு அறையின் வாயிலும் போல்ட்டின் முகப்பிலும் படிகிறது. இது பழைய பிரச்சினைதான். 1903-இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் செமி-ஆட்டோமேட்டிக் .22-ஐ வெளியிட்டபோது, அன்று புழக்கத்தில் இருந்த கரிமருந்துத் தோட்டாக்கள் இயக்கத்தை அடைத்துவிடும் என்பதற்காகவே அதற்கென்று தனித் தோட்டா ஒன்றை உருவாக்கியது. நண்பரிடம் போல்ட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, நான்கைந்து தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரைஃபிளுக்கு ஒத்துவரும் தோட்டா, அதே மாதிரியின் இன்னொரு ரைஃபிளுக்கு ஒத்துவராமல் போவதும் உண்டு.

கேள்வி: குறிப்பாக எந்த மாதிரியைப் பரிந்துரைப்பீர்கள்?

1964 முதல் தயாரிக்கப்பட்டுவரும் ரூகர் 10/22-ஐத்தான் முதலில் சொல்வேன். ரைஃபிளைத் தாங்கும் உடற்பகுதியான கட்டைக்குள் முழுமையாக அடங்கும் 10 தோட்டாச் சுழல் மேகசினும், எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் எங்கும் இருப்பதும் அதன் பலம். வாங்கிய நிலையில் அதன் விசை சற்றுக் கனமாக இருக்கும். அதற்காக முதல் வாரமே அதைப் பிரித்து மாற்றாதீர்கள். பின்னாளில் ஏஆர்-15 எனப்படும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வகையில் போட்டியிட எண்ணுபவர்களுக்கு, அதே கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 15-22 நல்ல தேர்வு.

1960-இல் வந்த மார்லின் மாடல் 60 துல்லியத்துக்குப் பெயர்பெற்றது. ஆனால் அதில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில் வரிசையாக நிற்கின்றன. குழாயை வெறுமையாக்கிவிட்டதாக எண்ணிய பிறகும் ஒரு தோட்டா உள்ளே தங்கிவிட வாய்ப்பு உண்டு. கழற்றி மேசைமேல் வைத்துவிடக்கூடிய மேகசினே புதியவருக்கு ஏற்றது என்பேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது, என்னுடன் சுடுதளத்துக்கு வருகிறாள். அவளுக்கும் சேர்த்து ஒன்று வாங்கலாமா?

அளவு அவருக்குப் பொருந்தினால் வாங்கலாம். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ரைஃபிள் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, அவருடைய முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு வருத்தமில்லாமல் விசையைத் தொட வேண்டும். அடுத்து, கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் பொருத்திக் கன்னத்தைக் கட்டையில் சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் குறிபார்க்கும் சாதனம் நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை பொருந்தவில்லை. பெரியவருக்குச் சரியான கட்டையைச் சிறியவருக்குக் கொடுத்தால், அவர் முதுகைப் பின்னால் வளைத்து எடையைத் தாங்குவார்; அந்த நிற்கும் முறை பிறகு மாறாது. நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டை உள்ள மாதிரியை வாங்கினால் இருவருக்கும் பயன்படும்.

வீட்டில் தோட்டா நீக்கிய ரைஃபிள் பூட்டிய பெட்டகத்திலும், தோட்டாக்கள் வேறொரு பூட்டிய இடத்திலும் இருக்க வேண்டும். இரண்டின் சாவிகளும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும், மகள் எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். சிக்கல் உண்டா?

உண்டு, ஆனால் சமாளிக்கலாம். பெரும்பாலான மாதிரிகள் வெற்றுக்கூட்டை வலப்பக்கம் எறிவதால், கூடு வெளியேறும் திறப்பு உங்கள் முகத்துக்கு நேராக அமைகிறது, கரித்துகள் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம்தான், உங்களுக்கு இருமடங்கு கட்டாயம். கூட்டைக் கீழ்நோக்கி எறியும் பிரவுனிங் எஸ்ஏ-22-ஐயும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பெரிய ரைஃபிளின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) .22-இல் பொருத்தலாமா?

பொருத்த முடியும், ஆனால் அது பெரும்பாலும் 100 கெஜத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். 25 மீட்டரில் சுடும்போது கண் சற்று நகர்ந்தாலும் குறிப்புள்ளி இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியும். ரிம்ஃபயருக்கென்று (.22 போல, அடிவிளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா வகைக்கென்று) 50 கெஜத்துக்குச் சரிசெய்த எளிய ஸ்கோப்பே போதுமானது.

கேள்வி: பழைய ரைஃபிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

குழல்வாயின் விளிம்பை முதலில் பாருங்கள். 10/22 போன்ற ரைஃபிள்களில் பின்புறம் அடைபட்டிருப்பதால், துப்புரவுக் கம்பியைக் குழல்வாய் வழியாகச் செலுத்துபவர்கள் பலர். கம்பி உரசி அந்த விளிம்பு ஒருபக்கம் தேய்ந்துவிட்டால் குண்டு வெளியேறும் நொடியில் வாயு சமமின்றிக் கசிந்து துல்லியம் கெடும். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், தெரியாதவர் யாரோ பிரித்திருக்கிறார் என்று பொருள். ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, சேஃப்டியை (விசையைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டை) போட்டுவிட்டு விசையை அழுத்திப் பாருங்கள்; பிறகு விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள். அப்போது அடிப்பான் தானாக விழுந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்த ரைஃபிள் வேண்டாம்.

கேள்வி: நான் வேறு நாட்டுக்குக் குடிபெயரப் போகிறேன். இங்கே வாங்கி எடுத்துச் செல்லலாமா?

அந்த நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளும்வரை வாங்காதீர்கள். பிரிட்டன் 1988-இலேயே .22 ரிம்ஃபயர் தவிர்த்த செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா 1996-இல் .22 வகையையும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சொந்த நாட்டிலும் உரிமம் கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: விசையை அழுத்தியும் சுடவில்லை என்றால் உடனே போல்ட்டை இழுக்கலாமா?

கூடாது. குழலை இலக்கின் திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடிகள் காத்திருங்கள். அரிதாகத் தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. அதன் பிறகு மேகசினை நீக்கி, போல்ட்டை இழுத்துத் தோட்டாவை வெளியேற்றுங்கள். இதற்கு மாறாக, வழக்கத்தைவிட மெலிதான ஓசை கேட்டால் நிலைமை இன்னும் ஆபத்தானது: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுடாமல், ரைஃபிளைக் காலியாக்கி, போல்ட்டைத் திறந்து நிறுத்தி, தள அதிகாரியை அழைத்துக் குழலின் உட்துளையில் அடைப்பு ஏதும் இல்லை என்று அவர் உறுதி செய்த பிறகே தொடருங்கள்.