மாமாவின் கணக்கில் உள்ள காசைக் காட்டி விசா எடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, செப்டெம்பரில் தொடங்கும் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'காசில் பாதி அப்பாவின் நிலையான வைப்பில் இருக்கிறது, மீதி மாமாவின் கணக்கில். மாமா கடிதம் தருகிறேன் என்கிறார். ஏஜென்சிக்காரர் எல்லாவற்றையும் தாங்களே பார்ப்பதாகச் சொல்கிறார். நான் எதிலிருந்து தொடங்குவது? என்னென்ன கட்டிக்கொண்டு போகலாம்?' என்பது கேள்வி.

காசிலிருந்து தொடங்குங்கள். நம்மூரில் தாய்மாமன் காசையும் அப்பா காசையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தானிய விசா விதி பிரித்துத்தான் பார்க்கிறது. உங்களைப் போலத் திருமணமாகாத ஒருவர் காட்டும் சேமிப்பு அவர் பெயரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரில் இருக்க வேண்டும். மாமா முத்திரை குத்தி எத்தனை கடிதம் தந்தாலும் அவர் கணக்கில் கிடக்கும் காசு எண்ணிக்கையில் வராது.

வழி சிக்கலானதல்ல. மாமா அந்தத் தொகையை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடட்டும். ஆனால் இந்த வாரமே மாற்ற வேண்டும். முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும் என்பதும், அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதும் விதி. இதில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 27ஆம் நாள் கொழும்புக்குப் போக ஏ.ரி.எம்.மில் 5,000 ரூபாய் எடுப்பார்கள். மீதி, காட்ட வேண்டிய தொகைக்கு நூறு ரூபாய் கீழே போனாலும் போதும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். அந்தக் கணக்கின் அட்டையை அம்மாவிடம் கொடுத்து அலுமாரியில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு காட்ட வேண்டும்? முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பகுதி, அதனுடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், லண்டனில் 1,529 பவுண். உங்களுக்கு ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண் வரும். விண்ணப்பிக்கும் நாளில் தொகை கூடியிருக்கிறதா என்று அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை பாருங்கள். ரூபாயில் வைத்திருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் நாணயமாற்று வீதத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். இன்று சரியாக இருக்கும் தொகை, ரூபாய் கொஞ்சம் இறங்கினால் ஒரு மாதத்தில் போதாமல் போகும். ஆகவே தேவையான தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது கூட வைக்கச் சொல்வேன். நகைப் பவுனை அடகு வைத்துத்தான் இந்தப் பவுணைச் சேர்க்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. மாமாவின் காசு எப்படி வந்தது என்பதற்கு, காணி விற்ற உறுதியோ வியாபாரக் கணக்கோ, ஒரு பிரதி கையில் இருக்கட்டும். விசா நேர்காணலில் கேட்டால் தடுமாறத் தேவையில்லை.

அப்பாவின் வைப்பு செல்லும். அதற்கு மூன்று தாள் வேண்டும்: எந்த நேரமும் உடைத்து எடுக்கலாம் என்று சொல்லும் வங்கிக் கடிதம், அப்பாவின் சம்மதக் கடிதம், உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். கடைசித் தாளை இன்றைக்கே எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் அப்பாவின் பெயர் தமிழில் 'சின்னத்தம்பி கணபதிப்பிள்ளை' என்று முழுதாக இருக்கும். வங்கியில் 'எஸ். கணபதிப்பிள்ளை' என்று ஆங்கிலத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளரோ தன் கைக்கு வந்தபடி எழுதுவார். கந்தசாமி என்ற பெயரில் ஒருவர் நடுவில் 'டி' போடுவார், இன்னொருவர் 'ரி எச்' போடுவார். நமக்கு இரண்டும் ஒரே கந்தசாமி. விசா அலுவலருக்கு இரண்டு ஆட்கள். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போட்டின் பிரதியையும் வங்கிப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து, 'இந்த எழுத்துக்கூட்டலே வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். பழைய சான்றிதழ்களில் மாற முடியாதபடி வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட கொழும்பு மையத்தில்தான் செய்ய வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அது பிழை. எக்ஸ்ரேயில் பழைய சளியின் தழும்பு தெரிந்தாலும் சளிப் பரிசோதனைக்கு எழுதுவார்கள், அந்த முடிவு வர எட்டு வாரம்கூட ஆகலாம். 28 நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஓர் இரவு பஸ்ஸில் போய் இதை முடித்துவிடுங்கள். விசா முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும்.

ஏஜென்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தில் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். இப்போது பிரித்தானிய விசா இணையத்தில் இருக்கும் மின்விசாதான், அதைத் திறக்கும் கணக்கு அந்த மின்னஞ்சலோடும் இலக்கத்தோடும் கட்டப்பட்டிருக்கும். ஏஜென்சியின் மின்னஞ்சலைப் போட்டால் அங்கே வீடு வாடகைக்கு எடுக்கவும் வேலைக்குப் போகவும் உங்கள் விசாவைக் காட்ட அவர்களைத்தான் கெஞ்ச வேண்டும். கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரே அனுப்புங்கள். வங்கி மீதியை 'ஒழுங்கு செய்து' தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் பத்து வருடம்வரை விசா மறுக்கப்படும். இங்கத்தைய சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள், வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு (OTP) அதற்குத்தான் வரும்.

இனிப் பெட்டி. தடித்த ஜாக்கெட் இங்கே தேட வேண்டாம், அங்கே பாவித்த பொருள் விற்கும் தர்மக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி இரண்டு சோடி செய்துகொள்ளுங்கள். பல்லில் சொத்தை இருந்தால் இங்கேயே அடைத்துவிடுங்கள், அங்கே பல் வைத்தியத்துக்குச் செலவு அதிகம். நம் வீட்டுச் சதுரக்கால் 13 ஆம்பியர் பிளக்தான் அங்கும், அடாப்டர் வேண்டாம். மட்டக்களப்புத் தயிரை மறந்துவிடுங்கள். பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, நெய்ப் போத்தலையும் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. மிளகாய்த்தூள் போகும்.

கருவாடும் போகும், மீன் வகை ஓராளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். மூன்று சுற்றுப் பொலித்தீனில் கட்டுங்கள். ஆனால் விடுதியின் பொதுச் சமையலறையில் அதைப் பொரிக்கும்போது கவனம் தேவை. புகை எச்சரிக்கை மணி அடித்தால் கட்டிடம் முழுவதையும் வெளியே இறக்கிவிடுவார்கள். குழம்பாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.