சேறு அப்பி, உள்ளே பால் கொட்டி நாறும் வாடிக்கையாளர் காரை எங்கிருந்து கழுவத் தொடங்குவது?
முதலில் பழைய கீறல்களை அவர் முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு அது நம் தலையில்தான் விழும்.

காய்ந்த சேற்றைத் துணியால் தேய்க்கவே கூடாது, அதிலிருக்கும் மணல் பெயின்ட்டின் மேல்பூச்சைக் கீறிவிடும். வீல் பக்கம் தொடங்கி பிரஷர் வாஷரால் அடித்து, ஷாம்பு நுரை போட்டு ஊறவைத்து, அது காய்வதற்குள் அலசிவிட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும், அதுவும் ஷாம்புக்கு ஒரு வாளி, அழுக்குத் துணியை அலச இன்னொரு வாளி என்று.

உள்ளே, ஈரம் படும் முன் வேக்கம். பால் நாற்றத்துக்கு வாசனை ஸ்பிரே வெறும் கண்துடைப்பு. பால் சீட் ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருக்கும், பால் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரையும் அந்த ஆழத்துக்கு இறங்கவிட்டு, ஈரத்தோடு அழுக்கை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மெஷினால் உறிஞ்சியெடுத்து, கதவுகளைத் திறந்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு கொடுத்தால் பூஞ்சை வாடையோடு வண்டி திரும்ப உங்கள் வாசலில்தான் நிற்கும்.