மேளச் சத்தத்துக்கு மிரளும் குழந்தை

வணக்கம் சகோதரி. 2023-இல் சூடான் சண்டையிலிருந்து தப்பி வந்த உங்கள் அண்ணன் மகள், வேலூர் சத்துவாச்சாரியில் திருவிழா மேளம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறாள், பயம் தெளிய மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்போது வேண்டாம். எதிர்பாராமல் எழும் சத்தம் அவளை உலுக்குகிறது. அதனால் சத்தத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவள் கையில் இருக்கட்டும். விரலால் மேசையில் தட்டச் சொல்லுங்கள். அவள் வேகத்திலேயே நீங்களும் தட்டுங்கள், அப்புறம் மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள். இசை சிகிச்சையில் இது முக்கியமான முறை. இரவில் பாட்டி தாலாட்டு முணுமுணுத்தால் இன்னும் நல்லது. காதைப் பொத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். அங்கே என்ன நடந்தது என்று துருவ வேண்டாம், பாவம் குழந்தை.

வீட்டுப் பாட்டு மட்டும் போதாது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.