பொத்தான் யாரிடம் இருக்கிறது?

"காலனி ஆட்சி போய் இத்தனை வருஷமாகியும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் ஏன் 'நான் யார்' என்றே எழுதுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, கென்யாவை எடுத்துக்கொள்கிறேன்.

அந்நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1938இல் லிமுரு பக்கம் பிறந்தவர். அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழியான கிக்குயூ பேசி மாட்டினால் பிரம்படி, இல்லாவிட்டால் 'நான் கழுதை' என்று எழுதிய தகடு கழுத்தில் தொங்கும். காலையில் ஒரு பையனிடம் பொத்தான் ஒன்றைக் கொடுப்பார்கள். தாய்மொழியில் வாய் திறக்கிறவன் கையில் அவன் அதைத் திணிக்க வேண்டும், வாங்கியவன் அடுத்தவனைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் பொத்தான் யாரிடம் இருக்கிறதோ அவனிடம் தொடங்கி, யார் கொடுத்தது, அவனுக்கு யார் கொடுத்தது என்று விசாரித்தால் அன்றைக்குப் பேசிய அத்தனை பேரும் சிக்குவார்கள். அடியை விட எனக்கு இதுதான் தாங்கவில்லை. கூட விளையாடுகிறவன் எப்போது வீட்டுப் பேச்சுப் பேசுவான் என்று ஒரு சின்னப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

1963இல் விடுதலை வந்தது. மறுவருஷம் அவருடைய முதல் நாவல் ஜேம்ஸ் கூகி என்ற ஞானஸ்நானப் பெயரில், ஆங்கிலத்தில்தான் வந்தது. அந்தப் பெயரைப் பிற்பாடு விட்டுவிட்டார்.

அப்புறம் 1977. புதிய ஆட்சியாளர்களைக் கிழித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் வெளியானபோது யாரும் அவரைத் தொடவில்லை. அதே வருஷம் கமிரீத்து கிராமத்தில், விவசாயிகளும் தொழிலாளிகளும் தாங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் கிக்குயூ நாடகம் போட்டார். வசனத்தையும் பாட்டையும் ஊர்க்காரர்களே திருத்தினார்கள். சில வாரத்தில் தடை, டிசம்பர் 31 அன்று கைது, விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் சிறை. பொத்தான் இப்போது சொந்த நாட்டு அரசாங்கத்தின் கையில் இருந்தது. சிக்கல் இன்னும் தீராததற்கு என் பதில் அதுதான்.

ஆங்கிலத்தையே வளைத்துத் தன் தாய்மொழியான இக்போவின் பழமொழிகளை அதற்குள் பேசவைத்த நைஜீரிய எழுத்தாளர் அச்செபேயை நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் பெரிய சாதனை. ஆனால் அதை அவர் ஊர்க் கிழவிக்கு யாராவது மொழிபெயர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

சிறையில் கூகி முரட்டுக் கழிவறைத் தாளில் கிக்குயூவில் ஒரு நாவல் எழுதினார், தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. 1980இல் அது அச்சாகி வந்ததும் மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். சுவாரசியமான இடம் பார்த்து அவர் நிறுத்திவிடுவாராம். யாராவது அவருடைய கோப்பையை நிரப்பினால்தான் மீதிக் கதை.