மோர் கொடுத்தால் சந்தோஷம், மாத்திரை கொடுத்தால் எரிச்சல்: நான் நடிக்கிறேனா?

கேள்வி: வணக்கம் மேடம். வயது 48, மதுரையில் இருக்கிறேன். மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். செய்கிறேன், ஆனால் மனம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. இதே நான், தெரு கூட்ட வரும் அக்காவுக்கு மோர் கொடுக்கும்போது அவ்வளவு சந்தோஷப்படுகிறேன். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுப்பேன். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவோம். அதற்கப்புறம்தான் எனக்கு அன்றைய பொழுது நகரும். "வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற, தெருவில் போறவங்ககிட்ட மட்டும் சிரிக்கிற" என்கிறார் கணவர். என் சந்தோஷத்துக்காகத்தானே கொடுக்கிறேன்? இது அன்பா, நடிப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நடிப்பே இல்லை. கொடுப்பவர் சந்தோஷப்பட்டால் கொடுத்ததற்கு மதிப்பு குறைந்துவிடும் என்று யார்தான் நமக்குச் சொல்லி வைத்தார்களோ!

கனடாவின் வான்கூவரில் உளவியல் ஆய்வாளர் எலிசபெத் டன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள், 2008இல் வெளியானது. காலையில் ஆளுக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து, மாலை 5 மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தங்களுக்காக, சிலர் பிறருக்காக. பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசமே இல்லை. உங்களுக்கு ஒரு டம்ளர் மோரே போதுமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, மாமியாரிடம் மட்டும் அது ஏன் வரவில்லை? நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தானாக விரும்பி உதவியவர்களுக்குத்தான் மனநிறைவு கூடியது. வேறு வழியில்லாமல் செய்தவர்களுக்குக் கூடவில்லை. மோரை நாளைக்கே நிறுத்தினாலும் உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. கஞ்சியை நிறுத்த முடியுமா? உங்கள் வீட்டில் இருப்பது ஆள் பற்றாக்குறை. அதை அன்புப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு உங்களையே குடைந்துகொண்டிருக்கிறீர்கள்.

எனவே இரவு மாத்திரையும் துணி மாற்றுவதும் இனி உங்கள் கணவர் பொறுப்பு. அவரைப் பெற்ற அம்மாதானே. (அவருடைய அந்தப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.) மூச்சு விட நேரம் கிடைத்ததும், மாமியாருக்குக் கட்டாயமே இல்லாத ஒன்றைச் செய்து பாருங்கள்: தலை வாரிப் பூ வைத்துவிடலாம், அவருடைய பிறந்த ஊர்க் கதையைக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். விட்டுவிடலாம் என்ற சுதந்திரம் இருக்கும்வரைதான் அதில் சந்தோஷமும் இருக்கும்.

மோரையும் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம். முடியாத நாளில் ஒரு சொம்பு தண்ணீர் போதும்.

எரிச்சலோடு தூக்கமும் கெட்டு, அடிக்கடி அழுகை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அரசின் இலவசச் சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.