மே மாதக் கரை வேறு, ஜூலை மாதக் கரை வேறு

டிரில் டீச்சர் பதில்கள்

“உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போகிறது?” என்று சென்ற இதழில் ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, வேன் கட்டணத்தைப் பற்றிய புலம்பல். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: வலங்கைமான், குடவாசல் பக்கத்துப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். விசிலை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆற்றங்கரைச் சாலை. வேனில் ஏற்றினால் ஊரெல்லாம் சுற்றி நாற்பது நிமிடம் ஆகிறது. நடக்க விடவும் பயம். எந்த வயதில் தனியே அனுப்பலாம்?
– ஒரு தாய், பாபநாசம் அருகே

தனியே அனுப்பும் வயது இன்னும் வரவில்லை. நடக்கும் வயது எப்போதோ வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நாம் வேனைத் தேடுகிறோம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு வண்டி கண்ணில் படும். அது என்ன வேகத்தில் வருகிறது, தான் கடப்பதற்குள் வந்துவிடுமா என்கிற கணக்குத்தான் வராது. ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் அது மெல்லப் பிடிபடும். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான். ஆகவே இந்த ஆண்டு பெரியவர் ஒருவர் உடன் நடக்க வேண்டும்.

உடன் நடப்பது என்றால் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போன் என்று இழுத்துக்கொண்டு ஓடுவது இல்லை. முதல் வாரம் நீங்கள் அவனை அழைத்துப் போங்கள். இரண்டாம் வாரம் அவன் உங்களை அழைத்துப் போகட்டும். எங்கே நிற்க வேண்டும், எப்போது கடக்க வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் மட்டும் தோளைத் தொட்டு நிறுத்துங்கள். மூன்றாம் வாரம் பத்தடி பின்னால் நடங்கள். அவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். பார்க்கட்டும்.

இனி ஆற்றங்கரை. கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் ஆற்றுக்குள் இறங்கி மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சறுக்கி விழுந்தாலும் முட்டிதான் சிராய்க்கும். பள்ளி திறக்கிற அதே ஜூனில், 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். இருப்பைப் பொறுத்து அது முன்பின் ஆகும். தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, நம் ஊர் ஆற்றில் கரை தொட்டு ஓடத் தொடங்கும்போது பிள்ளையின் காலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. அது மே மாத நினைப்பிலேயே ஓரமாக நடக்கும், செருப்பைக் கழுவ இறங்கும். மே மாதத்தில் அறிமுகம் செய்த கரையை ஜூலையில் இன்னொரு முறை அறிமுகம் செய்யுங்கள். தண்ணீர் வந்த அன்று மாலை அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காய்ந்த தென்னை மட்டையை ஆற்றில் போடச் சொல்லுங்கள். அது போகிற வேகத்தை அவன் ஓடிப் பார்த்துத் தோற்கட்டும். நான் வகுப்பு வகுப்பாகச் செய்த பாடம் இது. கரும்பலகையில் எழுதிப் போட்டதைவிட நன்றாக மண்டையில் ஏறியது.

எந்தப் பக்கம் நடப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது பொது விதி. ஆனால் வலது பக்கம் ஆறாக இருந்து, தடுப்புச் சுவரும் இல்லை என்றால் நான் விதியை மீறி வயல் பக்கமாகத்தான் அழைத்துப் போவேன். அங்கே வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். ஆகவே பெரியவர் பின்னால், பிள்ளை முன்னால். மினி பஸ் வந்தால் வரப்பில் இறங்கி நின்றுவிட வேண்டும். கால் சேறானால் பள்ளியில் குழாய் இருக்கிறது.

தினமும் உங்களால் போக முடியாது என்றால் தெருவைச் சேருங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் குழுவாகச் சேர்ந்து, மூத்த மாணவர் ஒருவர் முன்னே போக, நடந்தே போகிறார்கள். நம் தெருவிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் தேறும். திங்கள் ஒரு அம்மா, செவ்வாய் ஒரு தாத்தா என்று முறை வைத்துக்கொண்டால் போதும். கோயில் திருவிழாவுக்கு மண்டகப்படி முறை வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது பெரிய வித்தையா?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. சைக்கிளில் பறக்கிறாள். மெதுவாகப் போ என்றால், “ஒன்பதே காலுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்” என்கிறாள். எப்படித் திருத்துவது?
– ஒரு தந்தை, நன்னிலம்

உங்கள் மகளைத் திருத்துவதற்கு முன் என்னைப் போன்றவர்களைத் திருத்த வேண்டும். பல ஆண்டுகள் ஒரு பள்ளியில் அந்தக் கேட்டைச் சாத்தியவள் நான். ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டுதான் சாத்தினேன். தாமதமாக வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். நான் விசிலைச் சுழற்றிக்கொண்டு நடப்பேன்.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். பள்ளிக்கு முந்தின வளைவில் யாரோ வைக்கோலைச் சாலையிலேயே உதறிப் பரப்பியிருந்தார்கள். பனியில் நனைந்த வைக்கோல் சோப்புப் போட்டது போல வழுக்கும். மணி அடிப்பது கேட்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். சக்கரம் சறுக்கிவிட்டது, வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பின்னால் லாரி ஏதும் வராதது அவன் அம்மா கும்பிட்ட சாமியின் புண்ணியம். மறு வாரம் மாவுக்கட்டுக் கையோடு வந்து என் முன்னால் நின்று, “டீச்சர், இன்றைக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன்” என்றான். பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னான். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகு கேட்டைச் சாத்தவில்லை. தாமதமாக வருபவர்களின் பெயரை நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே: இரவே பையை எடுத்து வைத்து, காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளப்பிவிடுவது.

கேள்வி: நாங்கள் எல்லாம் ஐந்து மைல் நடந்தே படித்தோம். இன்றைய பிள்ளைகளுக்குச் சொகுசு கூடிவிட்டது. சரிதானே?
– ஒரு தாத்தா, திருவாரூர்

பாதி சரி, ஐயா. நீங்கள் நடந்த சாலையில் மாட்டு வண்டி போனது. இன்று அதே சாலையில் நெல் மூட்டை லாரியும் சாலையை அடைத்துக்கொண்டு அறுவடை இயந்திரமும் போகின்றன. மேலும், ஐந்து மைல் நடக்க வைத்தது அன்றைய பற்றாக்குறை. அதைப் பெருமையில் சேர்க்க வேண்டாம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பேரன் பைக்கில் போகிறான் என்றால் உங்கள் கோபத்தில் நானும் பங்கு கேட்பேன். வளரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் உடலை வருத்தும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போகவர நடந்தாலே அதில் பாதி தேறிவிடும். நீங்கள் நன்றாக நடப்பவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நாளைக் காலை பேரனோடு கிளம்புங்கள்.

கேள்வி: பெண் பதினொன்றாம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிள் வந்து மூன்று வாரமாகத் திண்ணையில் நிற்கிறது. “வயசுப் பெண் நாலு கிலோமீட்டர் சைக்கிளில் போவதா?” என்று மாமியார் தடுக்கிறார். ஓட்டவும் சுமாராகத்தான் தெரியும்.
– ஒரு தாய், மன்னார்குடி வட்டம்

உங்கள் மாமியாரிடம் அதிகத் தூரமில்லாத ஒரு மாவட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல் உடைத்தவர்களும் கூலி வேலைக்குப் போனவர்களுமாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஊர் பேசத்தான் செய்தது. பிறகு அதே ஊர் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்துக் கட்டக் கற்றுக்கொண்டது. உங்கள் திண்ணையில் நிற்கும் சைக்கிளும் லேசில் வந்ததில்லை. 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரிந்த திட்டம் அது.

ஓட்டக் கொடுப்பதற்கு முன் அதை ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். மொத்தமாகப் பூட்டி அனுப்பிய வண்டியில் நட்டு தளர்ந்திருக்கும், சக்கரத்தில் கோட்டம் இருக்கும். கடைக்காரர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும்; எட்டவில்லை என்றால் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் ஏற விடாதீர்கள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி, நுனியை இடுப்பில் செருக வேண்டும். பையைக் கேரியரில் கட்டலாம், முதுகில் மாட்டலாம். ஹேண்டில்பாரில் மட்டும் தொங்கவிடக் கூடாது. ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காது. வாங்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள்.

சாலையில் இடது ஓரம், ஒருவர் பின் ஒருவராக. தோழியோடு அரட்டை அடித்தபடி இணையாகப் போகிற ஆசையை விடச் சொல்லுங்கள். எனக்கும் அந்த வயதில் அது இருந்தது, ஒரு தடவை இருவருமாக வாய்க்காலில் விழுந்தோம். நம் பக்கத்து ஆற்றுப் பாலங்கள் பல ஒட்டகத் திமில் மாதிரி நடுவில் உயர்ந்தவை. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று உச்சிக்குப் போனால்தான் தெரியும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். கரைச் சாலையிலிருந்து சரிவில் இறங்கி மெயின் ரோட்டில் சேருகிற இடத்திலும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்களோ உங்கள் கணவரோ உடன் போய், நாலு கிலோமீட்டரையும் ஒரு முறை ஓட்டிக் காட்டச் செய்யுங்கள். வழியில் எந்தக் கடைக்காரர் தெரிந்தவர், டயர் பஞ்சரானால் எங்கே நிற்பது என்பதெல்லாம் அன்றைக்கே முடிவாகிவிடும். யாராவது தொந்தரவு செய்தால் வீட்டில் சொன்னால் சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு வராதபடி முதலிலேயே வாக்குக் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மகன் ஸ்கூட்டர் கேட்கிறான். ஊருக்குள்தானே, கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

கூடாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அந்தப் பணத்தில் நல்ல சைக்கிளாகவே மூன்று வாங்கலாம்.

கேள்வி: டீச்சர், என் நண்பனின் அண்ணன் மொபெட்டில் போவார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டால் மிதிக்காமலே பள்ளிக்குப் போய்விடலாம். அப்பா அடிக்கிறார். தப்பா?
– ஏழாம் வகுப்பு மாணவன், திருவையாறு

தப்புத்தான், தம்பி. ஒரு கையால் சரியாகப் பிரேக் பிடிக்க முடியாது. மொபெட் பள்ளத்துக்கு விலகினால் நீ பள்ளத்தில் இருப்பாய். அடிப்பதும் தப்பு என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். பங்குனி பிறந்தால் உளுந்துச் செடியைச் சாலையில் போட்டு வண்டிகளை ஏற்றிப் போரடிப்பார்கள். அதன் மேல் ஓட்டாதே. இறங்கித் தள்ளு.

கேள்வி: பள்ளி முன்னால் வேகத்தடை கேட்டு மூன்று முறை மனு கொடுத்தோம். பதில் இல்லை.
– பெற்றோர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, கரை என்றால் நீர்வளத் துறையுடையதா? தவறான மேசைக்குப் போன மனு அங்கேயே தூங்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானமாக்கி, நகலை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவில் “ஆவன செய்யுமாறு” என்று மொட்டையாக எழுத வேண்டாம். ஒரு வாரம் காலையும் மாலையும் பள்ளி வாசலில் நின்று எண்ணுங்கள். எத்தனை பிள்ளைகள் கடந்தார்கள், எத்தனை லாரி போனது, நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்தவை எங்கே நின்றன என்று மணி போட்டு எழுதுங்கள். வேகத்தடை வரும்வரை காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, ஒருவர் கையில் சிவப்புத் துணியோடு நிற்கட்டும். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

கேள்வி: நடந்து போகும்போது மதகில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். நின்று பார்க்கலாமா? அக்கா திட்டுகிறாள்.
– நான்காம் வகுப்பு மாணவி, அம்மாபேட்டை

பார்க்கலாம், கண்ணு. மதகின் மேல் ஏறாமல், வயல் பக்கமாக ஒதுங்கி நின்று பார். அக்காவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். அது மீனோடு எழும்பியதா, வெறும் வாயோடு எழும்பியதா என்று எனக்கு எழுது.