மார்கழியில பூத்த மா

கேள்வி: அழகர்கோவில் பக்கம் எங்க தோப்புல சில மாமரம் மார்கழிலயே பூத்துருச்சு, சிலது தை பொறந்தும் வெறும் தளிரா நிக்குது, நடுவுல மழை வேற. ஏங்க இப்படி? – வாசகர், மேலூர்

பதில்: மா பூக்க ராத்திரி குளிரும் காய்ஞ்ச மண்ணும் சேர்ந்து வேணுங்க, வடகிழக்கு பருவமழை டிசம்பர் தாண்டியும் இழுத்துட்டே போனா மரம் பூவுக்குப் பதிலா தளிர் விட்டுரும், அதுலயும் போன வருஷம் நல்லா காய்ச்ச மரம் இந்த வருஷம் சும்மா நிக்கலாம், அது பல ரகத்தோட குணம். பூத்த மரத்துக்குத்தான் கவலை. மழை பேஞ்சா பூங்கொத்து கருகும், மேகமூட்டமும் பனியும்னா பூவுல வெள்ளைப் பொடியா படியுற சாம்பல் நோய் வரும், கூடவே சாறு உறிஞ்சுற தத்துப்பூச்சி. சாம்பல் நோய் தெரிஞ்சா நனையும் கந்தகம்ங்கிற பூஞ்சை மருந்துப் பொடியை லிட்டர் தண்ணிக்கு 2 கிராம் கலந்து அடிங்க. பூ விரிஞ்சிருக்கப்ப பூச்சிமருந்து மட்டும் வேண்டாம், மகரந்தம் சேர்க்குறதே ஈயும் தேனீயும்தான். பிஞ்சு பட்டாணி அளவு வர்ற வரை தண்ணியும் பாய்ச்சாதீங்க.